"சுகர்ஸ் எடுத்தவள் என்றால் கோர்ட் என்னை நம்புமா?"

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சுகர்ஸ் என்கிற ஹெராயின் கலந்த போதைப்பொடியை விட்டு, அதற்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சையில் இப்போது இருக்கிறார். கோவிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு செய்யவில்லை. புருஷன் அடிக்கிறார், மருந்துப் பாட்டிலைப் பிடுங்கித் தன் பக்கி வண்டியின் கபிஹோலில் (முன்சீட் எதிரே இருக்கும் பெட்டியில்) போட்டுப் பூட்டுகிறார். "கோர்ட்டுக்குப் போய்ப் பார், நீ போதைக்காரி என்று சொல்லிப் பிள்ளைகளைப் பறிக்கவைக்கிறேன்" என்று மிரட்டுகிறார். அவர் கொடுமை செய்யக்கூடாது என்று கோர்ட் போடுகிற பாதுகாப்பு உத்தரவைக் கேட்கலாமா என்பது கேள்வி.

கேட்கலாம் சகோதரி, நாளைக்கே போங்கள். 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் பதிவுத் திருமணம் தேவையில்லை, சேர்ந்து வாழ்ந்தாலே போதும். கோர்ட் பார்ப்பது அவர் என்ன செய்தார் என்பதை, நீங்கள் என்ன எடுத்தீர்கள் என்பதை அல்ல. போதைப் பழக்கத்தை நீங்களே மனுவில் எழுதிவிடுங்கள், அப்புறம் அவர் கையில் மிரட்ட ஒன்றும் இருக்காது. பாட்டிலைப் பூட்டுவதையும் எழுதுங்கள். அடி மட்டும்தான் வன்முறை என்று நினைத்துப் பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள், 2021 திருத்தமோ கட்டுப்படுத்தி வைப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது.

பிள்ளைகளை அவர் சொன்னதும் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதற்குத் தனி விசாரணை உண்டு. சொல்லப்போனால், பிள்ளைகளை அவர் பார்ப்பதையே இந்த உத்தரவில் தடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.

இப்போது நான் கத்தியே ஆகவேண்டிய விஷயம். கோர்ட் வாசலில் ஃபைலும் கையுமாக நிற்கிறவர்களிடம் ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், படிவத்தை நிரப்ப உதவுவது கிளார்க்கின் வேலை. காசு வாங்கியவர் நிரப்பிக் கொடுத்த படிவங்களைப் பார்த்திருக்கிறேன், தேதி இல்லை, காயம் இல்லை, "கொடுமை செய்தார்" என்று ஒரே வரி. இன்னொரு கூட்டம், வீட்டை வாடகைக்கு எடுத்து ரீஹேப், அதாவது போதை மறுவாழ்வு மையம், என்று போர்டு மாட்டியவர்கள். புருஷன் பணம் கட்டினால் உங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். 2008ஆம் ஆண்டின் போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சைச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், உங்கள் சம்மதமில்லாமல் அடைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், புருஷன் கையெழுத்து போதாது.

சரி, நீங்களே போக முடியாவிட்டால்? உங்கள் கிளினிக் நர்ஸோ சமூகப் பணியாளரோ உங்களுக்காக மனு போடலாம், ஆனால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். வாய்ச் சம்மதம் போதாது, அம்மாவே போனாலும் அந்தத் தாள் இல்லாமல் பயனில்லை. நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பவர் போன்ற சிலருக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் சம்மதக் கடிதத்தை எழுதி நர்ஸிடம் கொடுத்து வைத்துவிடுங்கள்.

கிளினிக் என்றதும் எரிச்சல் வருகிறது. புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு "வீட்டில் எல்லாம் நல்லாத்தானே?" என்று கேட்டால் எந்தப் பெண் உண்மை சொல்வாள்? தனியாகப் பேசவேண்டும் என்று நீங்களே கேளுங்கள். மருந்து மூன்று நாள் விட்டுப்போயிருந்தால் பழைய அளவை அப்படியே குடித்துவிடாதீர்கள், உடம்பு அதைத் தாங்காது, உயிருக்கே ஆபத்து. முதலில் கிளினிக்கில் கேளுங்கள். காப்பகம் தேடும்போது மெத்தடோன் எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசல்வரை வரவைத்துத் திருப்பி அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. 0800 428 428, வன்முறைக்கு ஆளானவர்களுக்கான இலவச உதவி எண், எந்த நேரமும் பேசலாம்.

இறுதி விசாரணைக்கு முன் கோர்ட் தருகிற இடைக்கால உத்தரவு கிடைத்ததும் ஆடிப்பாடாதீர்கள். அது அவருக்குத் தெரிவிக்கப்படும்வரை வெறும் தாள்தான், போலீஸோ, கோர்ட் தாள்களைக் கொண்டு சேர்க்கிற அதிகாரியான ஷெரிஃபோ கொண்டுபோய்க் கொடுக்கட்டும், நீங்கள் போகாதீர்கள். கையில் காசில்லை என்றால் அந்தச் செலவை அரசே ஏற்கும், கிளார்க்கிடம் கேளுங்கள். உத்தரவோடு வருகிற பிடிவாரண்டைப் பத்திரமாக வையுங்கள். அவர் மீறினால் அதைக் காட்டி ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கவேண்டும். "குடும்பச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அங்கே யாராவது ஆரம்பித்தால், பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு நேரே ஸ்டேஷன் கமாண்டர் அறைக்குப் போய்விடுங்கள்.