அரசுப் பள்ளி திருப்தியாக இல்லை. ஹோம்ஸ்கூலிங் செய்யலாமா, அல்லது பள்ளியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தால் போதுமா?

கேட்டவர் தன் மகள் இரண்டாம் வகுப்பு என்றும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறார். என் மகனை இரண்டு வருடம் வீட்டிலேயே படிக்க வைத்தவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

அவனுக்கு ஒன்பது வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தினேன். அடி, மிரட்டல் என்று பெரிய கதை எதுவும் இல்லை. எதைக் கேட்டாலும் "டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க" என்பான், போகப்போகச் சந்தேகம் கேட்பதையே விட்டுவிட்டான், அவ்வளவுதான். நான் வீட்டிலிருந்தே செய்யும் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். மனைவியின் சம்பளம் இருந்தது, அது இல்லை என்றால் இந்தக் கதையே இல்லை.

முதல் மாதமே தெரிந்துவிட்டது, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் ஒரு நாள் பாடம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வருகைப் பதிவு, வரிசை, பக்கத்துப் பையன் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது எதுவும் கிடையாதே. மிச்ச நாளுக்கு என்ன செய்வது என்பதில்தான் முழி பிதுங்கும். அவன் தானாக எதையாவது பிரித்துப் போட்டு, படித்து, வரைந்து நேரம் போக்கிய நாட்கள் அருமையானவை. ஆனால் அப்படிப்பட்ட நாளுக்கும் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும்.

பின்னத்தில் வசமாக மாட்டினோம். புரிந்தது என்றான், நானும் நகர்ந்துவிட்டேன். நாலு மாதம் கழித்துப் பார்த்தால் 1/3-ஐவிட 1/4 பெரியது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான் (மூன்றைவிட நாலு பெரிசுதானே!). வருஷா வருஷம் நாற்பது பிள்ளைகளின் தப்பைத் திருத்தும் ஆசிரியர் இதை முதல் நாளே எதிர்பார்த்திருப்பார். நான் பார்த்தது ஒரே பிள்ளையின் தப்பை. எந்தக் காரணத்துக்காகப் பள்ளியை நிறுத்தினேனோ அதே காரியத்தை நானும் செய்திருந்தேன்.

"மற்ற பிள்ளைகளோடு பழக மாட்டானே" என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். அதெல்லாம் நன்றாகவே பழகினான். ஆனால் வீட்டில் அவன் வாயைத் திறந்தால் நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம், அதனால் பள்ளிக்குத் திரும்பியபோது தன் முறை வரும்வரை பொறுத்திருப்பது ஒரு டெர்ம் முழுக்கப் போராட்டமாக இருந்தது.

அப்புறம் சட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், நாட்டுக்கு நாடு அது தலைகீழாக மாறும். ஜெர்மனியில் உடல்நலம் போன்ற விதிவிலக்குகள் தவிர பிள்ளை பள்ளிக்குப் போயே ஆகவேண்டும், இதை எதிர்த்த ஒரு குடும்பத்தின் வழக்கில் 2019-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூலிங் செல்லும், சிலவற்றில் யாருக்கும் தகவல்கூடத் தர வேண்டியதில்லை.

சரி, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்காமல் பிள்ளையின் பின்னால் அனுப்புங்கள், பள்ளிகள் போட்டி போட்டுக்கொண்டு திருந்தும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-ல் எழுதினார். கேட்கும்போது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சிலி நாடு 1981-லிருந்து இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது, தனியார் பள்ளிக்கும் மாணவன் தலைக்கு இவ்வளவு என்று அரசுப் பணம் போனது. ஆனால் பள்ளிகள் தேர்வு வைத்தன, பெற்றோரையே நேர்காணல் செய்தன, பின்னாளில் மேல்கட்டணமும் வாங்கின. வசதியும் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியைவிட்டுக் கிளம்பினார்கள். சராசரிப் படிப்பு உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஷியே, உர்கியோலா என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2006-ல் எழுதினார்கள். 2015-ல் சட்டம் கொண்டுவந்து பிள்ளைகளை வடிகட்டுவதையும் மேல்கட்டணத்தையும் படிப்படியாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இடம் போதாதபோது யாரை எடுப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? குலுக்கல் என்றால் விண்ணப்பம் போடுங்கள். பள்ளியே என்றால் அது உங்கள் உரிமை இல்லை, பள்ளியின் உரிமை.

உங்கள் விஷயத்தில், இருவருமே முழுநேர வேலையை விட முடியாது என்றால் ஹோம்ஸ்கூலிங் வேண்டாம் என்றே சொல்வேன். மாலையில் தினம் நாற்பது நிமிடம் மகளோடு உட்காருங்கள், பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இன்று என்ன நடத்தினார்கள் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாளோ அதைக் குறித்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

என் மகன் திரும்பப் போனது பழைய அரசுப் பள்ளிக்கேதான். பெற்றோர் கூட்டத்துக்கு இப்போது தவறாமல் போகிறேன். அவனை நிறுத்துவதற்கு முன்னால் ஒருமுறைகூடப் போனதில்லை.