பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி ஹாலந்து 1: கேள்வி பதில்

கேள்வி: ஹாலந்து 1 என்பதும் அமெரிக்கர்களின் ஹாலந்து என்பதும் ஒரே கப்பலா?

இல்லை. பலரும் இந்த இடத்தில் குழம்புகிறார்கள். அமெரிக்கக் கடற்படை 1900 ஏப்ரலில் 1,50,000 டாலருக்கு வாங்கியது வேறு கப்பல். அது இன்று இல்லை, பழைய இரும்பாக உடைக்கப்பட்டுவிட்டது. ஹாலந்து 1 இங்கிலாந்தின் பாரோ நகரில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டியது. 1901 அக்டோபர் 2 அன்று, விழா எதுவும் இல்லாமல் தண்ணீரில் இறக்கினார்கள். இரண்டுக்கும் மூல வடிவமைப்பாளர் ஒருவரே: அயர்லாந்தில் பிறந்த ஜான் பிலிப் ஹாலந்து. 1881-இல் அவர் கட்டிய ஃபீனியன் ராம் என்ற நீர்மூழ்கிப் படகுக்குப் பணம் கொடுத்தவர்கள், பிரிட்டனை எதிர்த்த அயர்லாந்துப் புரட்சிக்காரர்கள். இருபதே ஆண்டில் அதே மனிதரின் வடிவமைப்பைப் பிரிட்டனே காசு கொடுத்து வாங்கியது.

கேள்வி: எவ்வளவு பெரியது? எத்தனை பேர் இருந்தார்கள்?

நீளம் சுமார் 19.5 மீட்டர், அகலம் 3.6 மீட்டர். எட்டுப் பேர். முன்பக்கம் டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து போய் வெடிக்கும் குண்டு) ஏவ ஒரே ஒரு குழாய். மேற்பரப்பில் ஓட 160 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், நீருக்கடியில் ஓட பேட்டரியில் இயங்கும் மின்மோட்டார். உள்ளே தடுப்புச்சுவர் கிடையாது. எஞ்சின், பேட்டரி, டார்பிடோ, மனிதர்கள் எல்லாம் ஒரே குழாய்க்குள்.

கேள்வி: தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் மூழ்கிவிடும், அவ்வளவுதானே சார்?

மிதப்பே மிச்சமில்லாத அளவுக்கு நிரப்பினால் நேரே கடலடிக்குப் போய்விடும். பேலஸ்ட் தொட்டிகளை (எடை கூட்டக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகள்) நிரப்பிய பிறகும் கப்பலில் கொஞ்சம் மிதப்பு மிச்சம் இருக்க வேண்டும்; ஹாலந்தின் உத்தியே அதுதான். மோட்டார் முன்னே தள்ளும்போது வால்பக்கத்தில் படுக்கைவாட்டில் உள்ள சுக்கானைச் சாய்த்தால் மூக்கு கீழே இறங்கி, கப்பல் டால்பின் மாதிரி சரிந்து உள்ளே போகும். மோட்டார் நின்றால் தானாக மேலே வரும்.

இதில் கெடுவது எங்கே என்றால், பாதி நிரம்பிய தொட்டியில். மூக்கு இறங்கியதும் அதிலுள்ள தண்ணீர் முன்பக்கம் ஓடும், எடை முன்னே கூடும், மூக்கு இன்னும் இறங்கும். அதனால் முக்கியத் தொட்டிகள் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். எடையை நுணுக்கமாகச் சரிசெய்யச் சிறிய தொட்டிகள் தனியாக உண்டு. டார்பிடோ வெளியேறியதும் முன்பக்க எடை மாறும். உடனே தண்ணீரைக் கொண்டு ஈடுகட்டாவிட்டால் மூக்கு மேலெழுந்து எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: வெள்ளெலி வளர்த்தார்கள் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மைதான். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. எலிக்கு உடல் சிறியது, மூச்சு வேகமானது. மனிதன் மயங்குவதற்கு முன்பே அது சாய்ந்துவிடும். ஆனால் எலிக்குத் தேவைக்கு மேல் புகழ் கிடைத்துவிட்டது என்பேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கப்பலின் அடியில் போய்த் தங்கும். அங்கே ஒரு மின்பொறி பறந்தால் எலியால் ஒன்றும் செய்ய முடியாது. 1903 மார்ச்சில் இதே கப்பலில் நடந்த வெடிவிபத்தில் நான்கு பேர் காயமடைந்தார்கள். பெட்ரோலை விட்டு டீசலுக்கு மாறியதற்கு முக்கியக் காரணம் இந்த ஆபத்துதான்.

கேள்வி: நீருக்கடியில் இருந்தபடி மேலே பார்க்க உதவும் பெரிஸ்கோப்பில் படம் தலைகீழாகத் தெரியுமாமே?

நேரே முன்னால் பார்த்தால் நிமிர்ந்து தெரியும். பக்கவாட்டில் திருப்பினால் கப்பல்கள் படுத்துக் கிடக்கும். பின்னால் திருப்பினால் தலைகீழ். கண் வைக்கும் பகுதி அசையாமல் இருக்க, மேல்பகுதி மட்டும் திரும்புவதால் படமும் கூடவே சுழலும். ஹாலந்தின் மூல வரைபடத்தில் பெரிஸ்கோப்பே கிடையாது. அது பிரிட்டிஷார் சேர்த்தது. வேண்டாதபோது மேல்தளத்தில் மடக்கிப் படுக்க வைத்துவிடுவார்கள்.

கேள்வி: போரில் ஏதாவது கப்பலை மூழ்கடித்ததா?

ஒன்றுகூட இல்லை. 1904 அக்டோபரில் ரஷ்யாவின் பால்டிக் கடற்படை, வடகடலில் பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளை ஜப்பானியப் படகுகள் என்று நினைத்துச் சுட்டது. ரஷ்யர்களைத் தாக்க ஹாலந்து படகுகள் போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பின. வழியிலேயே திருப்பி அழைக்கப்பட்டன. மற்றபடி பயிற்சிதான்.

அதே ஆண்டு மார்ச் பயிற்சியில், அடுத்த வகையான ஏ1 நீர்மூழ்கியின் மேல் ஒரு பயணிகள் கப்பல் மோதி, உள்ளே இருந்த 11 பேரும் இறந்தார்கள். அதன்பிறகு நீர்மூழ்கியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும், ஆட்கள் ஏறி இறங்கும் கோபுரத்தின் அடியிலும் ஒரு மூடியைப் பொருத்தத் தொடங்கினார்கள். கோபுரம் உடைந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது.

கேள்வி: பிறகு எப்படி அருங்காட்சியகத்துக்கு வந்தது?

1913-இல் 410 பவுண்டுக்குப் பழைய இரும்பாக விற்றார்கள். உடைக்கும் தளத்துக்கு இழுத்துப் போகும் வழியில், எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மூழ்கியது. ஆள் யாரும் உள்ளே இல்லை. 1981-இல் கண்டுபிடித்து, 1982-இல் தூக்கினார்கள்.

பெரிய தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. கழுவி, துருத் தடுப்பு மருந்து பூசி, காட்சிக்கு வைத்துவிட்டார்கள். எழுபது ஆண்டு கடலில் கிடந்த இரும்புக்குள் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். பூச்சு அதைத் தொடாது. பத்தே ஆண்டில் துரு உள்ளிருந்து வெடித்துக் கிளம்பியது. 1995-இல் கப்பலைச் சுற்றி ஃபைபர் கிளாஸ் தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட் கரைசலில் முழுசாக மூழ்க வைத்தார்கள். உப்பு வெளியேற நான்கு ஆண்டுகள் ஆயின. இப்போது இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகர அருங்காட்சியகத்தில், ஈரப்பதம் கட்டுப்படுத்திய கட்டடத்தில் இருக்கிறது.

கேள்வி: கடலில் கிடைத்த சிறிய இரும்புத் துண்டுக்கும் இதே முறை சரிப்படுமா?

சரிப்படும். முதலில், காயவிடாதீர்கள், காய்ந்தால் உப்பு படிகமாகி இரும்பைப் பிளக்கும். எடுத்த உடனே நல்ல தண்ணீரில் போடுங்கள். பிறகு லிட்டருக்கு சுமார் 50 கிராம் வாஷிங் சோடா (சமையல் சோடா அல்ல) கலந்த பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றுங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, பழைய கரைசலில் குளோரைடு அளவைச் சோதியுங்கள். புதிய கரைசலிலும் அளவு ஏறாமல் நின்றால்தான் முடிந்தது என்று அர்த்தம். மாதங்கள் ஆகும். பிறகு நன்றாக அலசி, முழுக்க உலர்த்தி, டானிக் அமிலம், அதன்மேல் மெழுகு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மற்ற ஹாலந்து படகுகள் எதுவும் மிச்சம் இல்லையா?

மொத்தம் ஐந்து. ஹாலந்து 5 1912-இல் இழுத்துச் செல்லும்போது பீச்சி ஹெட் முனைக்கு அப்பால் மூழ்கியது; இன்றும் கடலடியில் கிடக்கிறது. 2005-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சிதைவாக அறிவித்தார்கள். அப்படியும் அதன் டார்பிடோ குழாய் மூடியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டது 2010-இல் தெரியவந்தது.