தேன் பூண்டு இறால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தேனும் சோயா சாஸும் சேர்த்துச் செய்யும் இனிப்புக் கார இறாலைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பதில்களில் அடிக்கடி வரப்போகும் அளவுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரித்த இறால் அரை கிலோ, தேன் 3 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய பூண்டு 5 பல், துருவிய இஞ்சி 1 தேக்கரண்டி, மிளகாய்த் துகள் அரைத் தேக்கரண்டி, எலுமிச்சை அரை மூடி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. மூன்று பேர் சோற்றோடு வயிறாரச் சாப்பிடலாம். இறாலைத் தனியாக வறுத்து எடுத்துவிட வேண்டும். அதே வாணலியில் சாஸைக் காய்ச்சி, கடைசியில்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். அடுப்பு வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: அக்கா, நான் எப்போது செய்தாலும் இறால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. பத்து நிமிடம்தான் வேகவைக்கிறேன். எங்கே தவறுகிறது?

அந்தப் பத்து நிமிடத்தில்தான். நடுத்தர அளவு இறாலுக்கு மொத்தமே மூன்று நிமிடம் போதும். இறாலின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு, இழைகளும் மெல்லியவை. சூடு ஏற ஏற அந்த இழைகள் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஆட்டுக்கறியை நெடுநேரம் வேகவைத்தால் மிருதுவாவதற்கு அதிலுள்ள இணைப்புத் திசு கரைவதுதான் காரணம். இறாலில் அப்படிக் கரைவதற்கு அதிகம் எதுவும் இல்லை. அதனால் கூடுதல் நேரம் வேகவைத்தால் அது மேலும் இறுகத்தான் செய்யும்.

வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, இறாலை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். ஒன்றரை நிமிடம் தொடவே வேண்டாம். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். கண்ணாடி போலிருந்த சதை வெள்ளையாகி, இறால் பாதி வட்டமாக வளைந்திருக்கும். தலைப்பக்கமும் வாலும் தொட்டுக்கொள்ளும்படி முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். மிகத் தடித்த இடத்தில் லேசாகக் கண்ணாடித்தன்மை மிச்சமிருக்கும்போதே தட்டுக்கு எடுத்துவிடுங்கள். அது மறுபடியும் சூடான சாஸுக்குள் போகப்போகிறது, மீதி அங்கே வெந்துவிடும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் முடிவில் 63 டிகிரி செல்சியஸ் பாருங்கள்.

கேள்வி: பாக்கெட்டில் 31/40, 16/20 என்று எண்கள் இருக்கின்றன. எதை வாங்குவது?

ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை இறால் நிற்கும் என்பதுதான் அந்த எண். சில நாடுகளில் கிலோவுக்குக் கணக்கிட்டுப் போடுவார்கள், அதனால் பாக்கெட்டில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண் சிறியதானால் இறால் பெரியது. பவுண்டுக்கு 21/25 இந்தச் சமையலுக்கு எனக்குப் பிடித்த அளவு. வெளியே சிவப்பதற்கும் உள்ளே அளவுக்கு மிஞ்சி வேகாமல் இருப்பதற்கும் சரியாக இருக்கும். ரொம்பப் பொடி இறால் சிவக்கும் முன்பே வெந்து முடிந்துவிடும்.

கேள்வி: தேன் சேர்த்ததும் கருகிக் கசந்துவிடுகிறது. தீயைக் குறைத்தால் இறால் சிவப்பதில்லை. என்னதான் செய்வது?

இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே தீயில் வைப்பதால்தான் இந்தச் சிக்கல். இறாலுக்குக் கடும் தீயும் குறைந்த நேரமும் வேண்டும். தேனுக்கு வேண்டியது மிதமான தீ. தேனில் அதிகம் இருக்கும் ஃபிரக்டோஸ் மற்றச் சர்க்கரைகளைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும், ஏறக்குறைய 110 டிகிரியிலேயே. இறால் வறுக்கும் வாணலியோ 200 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதில் தேனை நேராக ஊற்றினால் கருகாமல் என்ன செய்யும்?

இறாலை எடுத்த பிறகு தீயைக் குறைத்து, வாணலியை அரை நிமிடம் ஆறவிடுங்கள். தேவையானால் சிறிது எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்துப் பூண்டையும் இஞ்சியையும் போட்டு வாசனை வரும்வரை, முப்பது வினாடிதான், வதக்குங்கள். பூண்டு பொன்னிறம் தாண்டினாலே கசக்கும். அப்புறம் தேன், சோயா சாஸ், மிளகாய்த் துகள், 2 மேசைக்கரண்டி தண்ணீர். சாஸில் நீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை அவ்வளவாகத் தாண்டாது. நீர் வற்றிய பிறகுதான் சட்டென்று ஏறும், அதனால் அந்தக் கட்டத்தில் கண்ணை எடுக்காதீர்கள். முதலில் நுரையாகச் சின்னச் சின்னக் குமிழிகள் வரும். அவை பெரிதாகி, மெதுவாக வெடிக்கத் தொடங்கினால் சாஸ் தயார். ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகும். உடனே இறாலைப் போட்டு அரை நிமிடம் புரட்டி அடுப்பை அணையுங்கள்.

கருகிவிட்டால் மேலும் தேன் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அந்தக் கசப்பு போகாது. சாஸைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள். இறால் தனியாகத் தட்டில் இருப்பதால் அது தப்பித்துவிடும்.

கேள்வி: ஃபிரீசர் இறாலைப் போட்டால் வாணலி முழுக்கத் தண்ணீர். வறுபடாமல் அவிந்துவிடுகிறது.

உறைந்த இறாலை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. மறந்துவிட்டால் மூடிய பையோடு குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வெளிப்பக்கம் அரைவேக்காடு ஆகிவிடும். பிறகு சுத்தமான துணியிலோ சமையல் காகிதத்திலோ ஒற்றி ஈரத்தை எடுங்கள். சிலர் தேவையற்ற வேலை என்று தாண்டிவிடும் இந்தப் படிதான் இறால் வறுபடுமா அவியுமா என்பதை முடிவு செய்கிறது. ஈரம் ஆவியாகும்வரை சிவப்பே வராது. அரை கிலோவையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு தடவையாக வறுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். சோடியம் டிரைபாலிஃபாஸ்பேட் என்று இருந்தால், நீரைப் பிடித்து வைப்பதற்காகச் சேர்த்திருக்கிறார்கள். அந்த இறால் எவ்வளவு ஒற்றினாலும் கொஞ்சம் நீர் விடும். இறாலும் உப்பும் மட்டும் உள்ள பாக்கெட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கேள்வி: முதல் நாளே எலுமிச்சையும் தேனும் தடவி ஊறவைக்கலாமா?

வேண்டாம். எலுமிச்சையின் புளிப்பு இறால் சதையை அடுப்பு இல்லாமலேயே மாற்றத் தொடங்கிவிடும். ராத்திரி முழுக்க ஊறினால் மேலே மாவு போலாகிவிடும். பச்சை அன்னாசிச் சாறும் பப்பாளியும் புரதத்தையே சிதைப்பவை, அவை இன்னும் மோசம். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், மணமும் அப்படியே நிற்கும்.

ஊறவைத்தே ஆக வேண்டுமென்றால் வேறொரு வழி சொல்கிறேன். அரை கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைத் தேக்கரண்டி உப்பும் பிசறி, ஃபிரிட்ஜில் பதினைந்து நிமிடம். கடிக்கும்போது இறால் நறுக்கென்று இருக்கும், சீக்கிரம் சிவக்கவும் செய்யும். சோடா அளவு கூடினால் சோப்பு வாடை வரும். இதைச் செய்கிற அன்று சோயா சாஸை அரை மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேன் இல்லை. சர்க்கரை போடலாமா?

தாராளமாக. சர்க்கரையோ வெல்லமோ 2 மேசைக்கரண்டி, கூடவே ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். பளபளப்பு கொஞ்சம் குறையும்.

கேள்வி: சாஸ் தண்ணியாக நின்றுவிடுகிறது. இறால் மேல் ஒட்டவே இல்லை.

இறாலைச் சேர்ப்பதற்கு முன்பே சாஸ் கெட்டியாகியிருக்க வேண்டும். இறால் உள்ளே இருக்கும்போது வற்றவைக்க ஆரம்பித்தால் முதல் கேள்வியின் ரப்பருக்கே திரும்பிப் போவீர்கள். ஒரு தேக்கரண்டி சோள மாவை 2 மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் சாஸில் பாதியை ஊற்றிக் கிளறுங்கள். போதவில்லையானால் மீதி. மாவை நேராகத் தூவினால் கட்டி தட்டும்.

கேள்வி: அம்மா, வீட்டில் பத்து மாதக் குழந்தையும் நான்கு வயதுப் பையனும் இருக்கிறார்கள். இருவருக்கும் கொடுக்கலாமா?

குழந்தைக்கு இந்தச் சாஸ் ஒரு துளியும் வேண்டாம், கண்ணு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சுவதால் அந்த வித்துகள் சாவதில்லை. பையன் இதுவரை இறால் சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் வரவில்லையென்றால் கொடுக்கலாம். மிளகாய்த் துகளை விட்டுவிட்டு, இறாலைச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கொடு.

கேள்வி: என் கணவருக்கு இறால் சாப்பிட்டால் வாய் அரிக்கிறது, உதடு வீங்குகிறது. நன்றாக வேகவைத்தால் சரியாகுமா?

ஆகாது. இறால் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் டிரோபோமையோசின் என்ற புரதம் சூட்டைத் தாங்கும். எவ்வளவு வேகவைத்தாலும் ஆபத்து அப்படியே இருக்கும். அடுத்த முறை அரிப்போடு நிற்கும் என்று நம்ப முடியாது. மருத்துவரைப் பார்க்கும்வரை அவருக்கு இறாலும் நண்டும் கொடுக்க வேண்டாம், இறால் வறுத்த எண்ணெயிலும் கரண்டியிலும் அவருடைய சாப்பாட்டைச் செய்ய வேண்டாம். மூச்சு திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். அவருக்கு இதே சாஸில் கோழி செய்து கொடுக்கலாம், தனி வாணலியில்.

கேள்வி: முதுகிலுள்ள கறுப்பு நரம்பை எடுத்தே ஆக வேண்டுமா?

அது இறாலின் குடல். வெந்த பிறகு தீங்கில்லை, ஆனால் மணல் நெறநெறக்கும். பெரிய இறாலில் எடுங்கள், பொடி இறாலில் விட்டுவிடலாம்.

கேள்வி: மிஞ்சியதை மறுநாள் சூடு செய்தால் கெட்டியாகிவிடுகிறது.

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாள் வரை தாங்கும். மறுநாள் சாஸை மட்டும் ஒரு கரண்டி தண்ணீரோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, தீயைச் சிறிதாக்கி இறாலைப் போட்டு மூடி வையுங்கள். உள்ளே வரை சூடு ஏறியதும் எடுத்துவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம் என்பேன், ஓரம் இறுகி நடு குளிர்ந்தே இருக்கும். இறால் நிறைய மிஞ்சும் என்று முன்பே தெரிந்தால் பாதியைப் பச்சையாகவே ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் புதிதாக வறுத்துக்கொள்ளுங்கள். சாஸ் தயாராக இருந்தால் அதற்கு ஐந்து நிமிடம் போதும்.