கறுப்புக் கோட்டுக்கு எவ்வளவு கடன் வாங்கலாம்?

கேள்வி: நான் விருதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் ஒரு பருப்பு மில்லில் கணக்கர். இரண்டு பேர் வருமானமும் சேர்ந்து மாதம் 45,000 ரூபாய் வரும், வீட்டுச் செலவு போக 12,000 மிஞ்சும். மகளுக்கு கிளாட் தேர்வு மூலம் வெளி மாநிலத்தில் ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷ பி.ஏ. எல்.எல்.பி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம் ஆகும். கையில் 4 லட்சம் டெபாசிட்டும் 11 பவுன் நகையும் இருக்கின்றன. வீடு மாமனார் பேரில் இருக்கிறது. பையன் எட்டாவது படிக்கிறான். 15 லட்சத்தையும் கல்விக் கடனாக வாங்கிவிடுங்கள், வேலைக்குப் போய் அவளே கட்டிவிடுவாள் என்கிறார் என் அண்ணன். நகையை வைக்கலாம் என்கிறார் கணவர். மகளுக்கோ மதுரை ஹைகோர்ட்டில் வக்கீலாக வேண்டும் என்பதுதான் ஆசை. பேசாமல் மதுரை அரசு சட்டக் கல்லூரிக்கே முயற்சி செய்யலாமா?

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. பெரிய நகரத்துப் பிள்ளைகள் இரண்டு வருஷம் கோச்சிங் போய் எழுதுகிற தேர்வு அது. விருதுநகரில் இருந்துகொண்டே அதில் இடம் பிடித்திருக்கிறாள். பணத்தைக் காரணம் காட்டி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அண்ணன் சொன்ன வழியில் மட்டும் போகாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வருஷத்துக்கு 3 லட்சம் வீதம் முழுக்கக் கடன் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி, பணம் கைமாறிய அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். முதல் வருஷம் வாங்கிய 3 லட்சத்துக்கு ஆறு வருஷ வட்டி, அடுத்ததற்கு ஐந்து வருஷ வட்டி, இப்படியே போய்க் கடைசியாக வாங்கியதற்கு இரண்டு வருஷ வட்டி. தனி வட்டியாகவே கணக்குப் போட்டாலும் 6 லட்சம் ஆகிறது. முதல் தவணை கட்டுகிற நாளில் கடன் 21 லட்சமாக நிற்கும். அதைப் பதினைந்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 22,500 ரூபாய் கட்ட வேண்டும்.

அந்த மாதத்தில் உங்கள் மகள் எங்கே இருப்பாள்? அவள் ஆசைப்படி நடந்தால், ஒரு சீனியர் வக்கீலின் அலுவலகத்தில் இரண்டாம் வருஷ ஜூனியராக, வாய்தா வாங்கிக்கொண்டும் மெமோ தாக்கல் செய்துகொண்டும் இருப்பாள்.

போன வருஷம் அப்படி ஒரு பெண் என்னிடம் வந்தார். கோர்ட்டிலிருந்து நேரே வந்திருந்தார், கறுப்புக் கோட்டை மடித்துக் கைமேல் போட்டிருந்தார். பையிலிருந்து ஒரு சின்னப் பாக்கெட் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். சீனியர் கொடுத்த பணத்தையெல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தார். ஒரு மாதம் 8,000. அடுத்த மாதமும் 8,000, அது பதினாலாம் தேதி. அதற்கடுத்த மாதத்துக்கு நேரே ஒன்றுமே எழுதவில்லை. கல்விக் கடன் தவணை 17,400. அதைக் கட்டிக்கொண்டிருந்தது ஓய்வுபெற்ற கண்டக்டரான அப்பாவின் பென்ஷன். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட இந்தக் கடனைச் சொல்லணுமா சார்?" என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகக் கிடைக்க வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, சுற்றறிக்கை அனுப்பும்படி வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலுக்கும் உத்தரவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் தொகையை நம்பித் தவணைக் கணக்குப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் பெரிய சட்ட நிறுவனங்களில் வேலை கிடைத்தால் கதையே வேறு. உங்கள் மகளோ கோர்ட் என்கிறாள். அவள் ஜூனியராக இருக்கப்போகிற முதல் நாலைந்து வருஷம் என்ன சம்பாதிப்பாள் என்பதை வைத்துத்தான் கடன் தொகையை முடிவு செய்ய வேண்டும். கல்லூரியின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி.

சரி, முதலில் திருப்பிக் கட்ட வேண்டாத பணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை. பட்டியல் சாதியினர் என்றால், மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம். பட்டியலில் உள்ள அரசுக் கல்வி நிறுவனங்களில் படிப்புக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கும், அதற்கு மேல் தங்குமிடம், புத்தகம், கணினிக்கும் தொகை உண்டு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பேர் என்று எண்ணிக்கை உண்டு, முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இது கிடைத்தால் கீழே நான் எழுதப்போகிற கணக்கில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. மற்றச் சமூகத்தினருக்கான பல உதவித்தொகைகளில் வருமான வரம்பு இரண்டரை லட்சம். உங்கள் வருமானம் வருஷத்துக்கு 5.4 லட்சம் என்பதால் அவை பெரும்பாலும் கைகூடாது.

பல்கலைக்கழகத்தில் சொந்தக் கட்டணச் சலுகை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். போனில் கேட்டு விட்டுவிடாமல் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், பதில் கையில் இருக்கும். இன்னொன்று, இதைப் படிக்கிற மற்றப் பெற்றோருக்காகச் சொல்கிறேன். ஏழைப் பிள்ளைகளுக்கு கிளாட் பயிற்சி கொடுத்து, சேர்ந்த பிறகு பணத்துக்கும் வழிசெய்யும் 'இடியா' என்ற அமைப்பை 2010-ல் சம்னாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கினார். அவர் 2019-ல் காலமாகிவிட்டார், அமைப்பு தொடர்ந்து நடக்கிறது. பிள்ளைக்குச் சட்டத்தில் ஆர்வம் என்றால் பிளஸ் ஒன் படிக்கும்போதே அங்கே விசாரியுங்கள்.

இப்போது கடனுக்கு வருகிறேன். உங்களுக்கு நான் சொல்லும் எல்லை ஏழரை லட்சம், அதாவது வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை, நீங்களோ கணவரோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். அதைத் தாண்டினால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். வீடு மாமனார் பேரில் இருக்கிறது, நாளைக்கு மற்ற வாரிசுகளும் கேள்வி கேட்பார்கள். அந்தப் பத்திரத்தை இதற்காக வெளியே எடுக்காதீர்கள். இன்னொரு காரணம் தவணைத் தொகை. அதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பத்தை பி.எம். வித்யாலட்சுமி வழியாகப் போடுங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. தேசியத் தரவரிசையில் மேலே இருக்கிற கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்தும், அதனால் உங்கள் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஈடும் வேண்டாம், வேறு ஆள் ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பதால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும். ஆனால் வருஷத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான் இந்தச் சலுகை, வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குக் கிடையாது. அதனால் இதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை, கிடைத்தால் லாபம். பல பொதுத்துறை வங்கிகள் பெண் பிள்ளைகளுக்கு அரை சதவீதம் குறைக்கின்றன. வாய் விட்டுக் கேளுங்கள்.

நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்: படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் நீங்கள் கட்டிவிடுங்கள். முதல் வருஷம் ஒன்றரை லட்சத்துக்கு மாத வட்டி 1,250 ரூபாய். இரண்டாம் வருஷம் 2,500. இப்படி ஏறி ஐந்தாம் வருஷம் 6,250. படிப்பு முடிந்து தவணை தொடங்கும்வரை உள்ள அந்த ஒரு வருஷமும் அதே 6,250. அப்படிக் கட்டினால் தவணை தொடங்கும்போது கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டாது. பதினைந்து வருஷத் தவணை சுமார் 8,060 ரூபாய்தான் வரும். வட்டியைக் கட்டாமல் விட்டால் அதே கடன் பத்தரை லட்சமாகி, தவணை 11,280 ரூபாயைத் தாண்டும். 8,060 என்பது ஒரு ஜூனியரும், கொஞ்சம் வீட்டு உதவியும் சேர்ந்து தாங்கக்கூடிய தொகை. அவ்வப்போது வட்டி கட்டுகிறவர்களுக்கு வட்டி விகிதத்திலேயே சலுகை தரும் வங்கிகளும் உண்டு.

மீதி ஏழரை லட்சம்? டெபாசிட்டில் 3 லட்சத்தை எடுங்கள். ஒரு லட்சத்தைத் தொடவே தொடாதீர்கள், ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒன்று வந்தால் அதுதான் துணை. இன்னும் நாலரை லட்சம் வேண்டும். நீங்கள் சொன்ன 12,000 ரூபாயை ஐந்து வருஷம் விடாமல் சேர்த்தால் 7.2 லட்சம். அதிலிருந்து கட்டணத்துக்கு நாலரை லட்சம், வட்டிக்கு 2.25 லட்சம் போக 45,000 மிஞ்சுகிறது. ஒரு லேப்டாப்புக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் சரியாகப் போய்விடும். இறுக்கமான கணக்குதான், மறைக்கவில்லை. கட்டணம் கூடவும் செய்யும். ஆனால் முதல் இரண்டு வருஷம் வட்டி குறைவு என்பதால் கையில் பணம் நிற்கும். அதைச் செலவழித்துவிடாமல் ஆர்.டி.யில் போட்டு வையுங்கள், கடைசி இரண்டு வருஷத்துக்கு வேண்டும். அவள் படித்து முடிக்கிற வருஷம் உங்கள் பையன் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி வாசலில் நிற்பான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நகை விஷயத்தில் உங்கள் கணவரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நகைக் கடனைப் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் மீட்க வேண்டும், அல்லது வட்டி கட்டி மாற்றி வைக்க வேண்டும். ஐந்து வருஷப் படிப்புக்கு அது ஒத்துவராது. 11 பவுனும் பீரோவில் இருக்கட்டும். அப்புறம், கல்விக் கடனுக்கு வருமான வரிச் சலுகை உண்டே என்று யாராவது சொல்வார்கள். கட்டும் வட்டிக்குக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும். உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, அதனால் அதை யோசிக்கவே வேண்டாம்.

மதுரை அரசு சட்டக் கல்லூரியைத் தாழ்வாக நினைக்காதீர்கள். கட்டணம் மிகக் குறைவு, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் சலுகையும் உண்டு. அங்கே படித்தவரும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்தவரும் ஒரே பார் கவுன்சிலில்தான் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுக் கட்டணமும் பொதுப் பிரிவினருக்கு 750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் பதினெட்டு வயதுப் பெண்ணின் ஆசை இருபத்து மூன்று வயதில் மாறலாம். அப்போது கம்பெனி வேலை, வெளிநாட்டு மேற்படிப்பு என்று போக வெளி மாநிலப் படிப்பு கூடுதலாக உதவும். ஏழரை லட்சத்துக்குள் முடியும் என்றால் அங்கேயே அனுப்புங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் கடன் வேண்டியிருந்தாலும் மதுரைதான். கிளாட் இடத்தை விட்டுவிட்டு மதுரைக்கு முயன்று, அதுவும் கிடைக்காமல் போய்விடக் கூடாது. அதனால் கிளாட் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே மதுரைக்கும் விண்ணப்பம் போடுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு ஒத்தக்கடை பக்கம் போய், ஹைகோர்ட் கிளை வாசலில் ஒரு பெண் ஜூனியரிடம் பேசவிடுங்கள். மாதம் எவ்வளவு வருகிறது, ரூம் வாடகை எவ்வளவு என்று அவளே கேட்கட்டும். 8,060 என்ற தொகையையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். கடன் அவள் பேரிலும்தான் வரப்போகிறது.

கடைசியாக ஓர் அவசர வேலை. சேர்க்கைக் கட்டணம் கட்டச் சில நாள்தான் கெடு கொடுப்பார்கள், வங்கிக் கடன் வரச் சில வாரம் ஆகும். அந்த இடைவெளிக்குக் கந்துவட்டிக்காரரிடம் போகாதீர்கள். டெபாசிட்டை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்கிக் கட்டுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் முன்கூட்டிக் கட்டிய கட்டணத்தைக் கடன் தொகையிலிருந்து திருப்பித் தருவார்களா என்று மேலாளரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலேயே போய்விடுங்கள் அம்மா.