பாண் ஓட்டோ போன பிறகும் மெட்டு போகவில்லை

கடைகளுக்கு விளம்பர மெட்டுப் போடுவது என் தொழில். விளம்பரப் பாட்டு ஏன் தலைக்குள் ஒட்டிக்கொள்கிறது என்று கேட்டிருந்தவர்களுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கல்லடி அக்கா: பாண் ஓட்டோ போய் அரை மணித்தியாலம் ஆகியும் அந்த மெட்டு மண்டைக்குள் ஓடுகிறதே?

பாண், அதாவது ரொட்டி, விற்க வரும் ஓட்டோ போடும் அந்த மெட்டு பேத்தோவன் என்ற இசையமைப்பாளர் 1810இல் பியானோவுக்கு எழுதியது, அக்கா. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு மாறி மாறி வந்து, அப்புறம் சட்டென்று கீழே இறங்கும். சின்னப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓட்டோ ஒழுங்கை முடக்கில் திரும்பியதும் மெட்டு பாதியில் அறுந்துவிடுகிறதல்லவா? செய்து முடித்த வேலையைவிடப் பாதியில் விட்ட வேலைதான் மனதில் நிற்கும் என்று சைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் எழுதினார். அறுந்த பாட்டும் அப்படித்தான் போல. மிச்சத்தை மண்டை தானே பாடிப் பார்க்கிறது. போதாததற்கு பசி வேறு. சம்பல் ஞாபகம் வராமல் யாராவது அந்த மெட்டைக் கேட்டிருக்கிறீர்களா?

கல்முனைப் புடவைக்கடை முதலாளி: தீபாவளிக்கு வேகமான அதிரடிப் பாட்டாகப் போடுகிறேன். வியாபாரம் கூடுமா?

வாசலில் போடுங்கள், ஆள் திரும்பிப் பார்க்கும். உள்ளே வேண்டாம். மில்லிமன் என்பவர் அமெரிக்க சுப்பர் மார்க்கெட் ஒன்றில் செய்த ஆய்வு 1982இல் வெளிவந்தது. மெதுவான இசை ஓடிய நாட்களில் சனம் ஆறுதலாக நடந்தது. வேகமான இசை ஓடிய நாட்களைவிட விற்பனை சுமார் 38 சதவீதம் கூடியது. சேலை பார்ப்பவரை விரட்டாதீர்கள், முதலாளி.

ஏறாவூர்த் தம்பி: பிரபலமான சினிமாப் பாட்டுக்கு வரியை மாற்றிப் போட்டால் சுகம்தானே?

சுகம்தான். அந்தப் பாட்டுக்கு ஏற்கனவே எல்லார் தலையிலும் இடமிருக்கிறது, நீங்கள் அதில் குடியேறுகிறீர்கள். ஒருமுறை செருப்புக்கடை ஒன்றுக்கு அப்படிச் செய்தேன். ஊரே முணுமுணுத்தது. சந்தையில் நாலு பேரிடம் கேட்டேன், "எந்தக் கடை விளம்பரம்?" நாலு பேரும் படத்தின் பெயரைச் சொன்னார்கள். முதலாளி மிச்சக் காசைத் தரவே இல்லை. கடைப் பெயர் மெட்டின் உச்சத்தில் விழவேண்டும், அதை நான் கோட்டைவிட்டேன். இன்னொன்று, அனுமதி எடுக்க வேண்டும். நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை பாட்டுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. பேத்தோவன் 1827இல் போய்விட்டார், பாண்காரர் தப்பினார்.

களுவாஞ்சிகுடி சேர்: என்னை எந்தப் பாட்டும் வாங்க வைக்காது.

இங்கிலாந்தில் ஒரு கடையில் பிரெஞ்சு இசை போட்ட நாட்களில் பிரெஞ்சு வைனும், ஜெர்மன் இசை போட்ட நாட்களில் ஜெர்மன் வைனும் அதிகம் விற்றன. 1997இல் வந்த ஆய்வு. வாங்கியவர்களில் மிகச் சிலரே இசைதான் காரணம் என்று ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் உங்களைப் போலத்தான் சொன்னார்கள், சேர்.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி: அடுத்த கிழமை சோதனை. ஒரு சவர்க்கார விளம்பரம் விடுகிறதில்லை!

முழுப் பாட்டையும் ஒருதரம் கடைசி வரை கேளுங்கள். அதற்கும் போகாவிட்டால் சுவிங்கம் மெல்லுங்கள். மனதுக்குள் பாடும்போதும் வாய் இலேசாக வேலை செய்கிறது. அதற்கு வேறு வேலை கொடுத்தால் பாட்டு குறைகிறது என்று ரெடிங் பல்கலைக்கழகத்தினர் 2015இல் காட்டினார்கள். சோதனை மண்டப வாசலில் அதைத் துப்பிவிட்டுப் போங்கள்.