பத்து வருஷக் கணக்கு

தம்பி, பாலக்கோட்டிலிருந்து சிங்கப்பூர் வந்து நாலு மாதம் ஆகிறது, துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை என்று எழுதியிருந்தீர்கள். பத்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சம்பாதித்து, ரெண்டு ஏக்கர் கொல்லை வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட வேண்டும், அதுவரை வேறு எதிலும் மனசு வைக்கப் போவதில்லை, இது சரிதானா என்று கேட்டீர்கள். சாமி, கோயில், கூத்து எல்லாம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தையும் சொன்னீர்கள். கடைசியாக, "ஐயா, முன்னாடியே திரும்பி வந்திருக்கலாம்னு உங்களுக்கு இப்ப தோணுதா?" என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பென்னாகரத்தில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆடி மாதம். பதினெட்டுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதற்குள்ளாகவே ஒகேனக்கல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. வேலையை விட்டபிறகு வருஷத்தில் சில மாதம் இங்கே, மீதி மாதம் பிள்ளைகளோடு சிங்கப்பூரில் என்று நானும் வீட்டுக்காரியும் ஓட்டுகிறோம்.

நானும் உங்களைப் போலப் பத்து வருஷக் கணக்கோடுதான் போனேன். 1990-இல். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு, ரெண்டு கறவை மாட்டை விற்று, அம்மாவின் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டினேன். முதல் பதினாலு மாதச் சம்பளம் அந்தக் கடனுக்கே போனது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கடன் தீரும்வரை வேறு எதற்கும் பணத்தை ஒதுக்காதீர்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கடன் தீர்ந்த பிறகு நான் செய்ததைத்தான் நீங்கள் செய்யக் கூடாது என்கிறேன்.

ஆறு வருஷம் நான் ஒரு கட்டில் வாங்கவில்லை. பாய்தான். கட்டில் வாங்கினால் இங்கேயே தங்கிவிடுவேன் என்று ஒரு பயம். ஊரிலிருந்து கொண்டுபோன பச்சைப் பெட்டியைப் பாதி கட்டிய நிலையிலேயே தலைமாட்டில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பதால் ஞாயிறும் வேலை. லிட்டில் இந்தியா என்கிற தேக்கா பக்கம் போனால் பணம் அனுப்ப மட்டும்தான் போவேன். கூட வேலை செய்தவர்கள் பக்கத்தில் மலேசியாவின் ஜொகூருக்குப் போய்வரலாம் என்று கூப்பிட்டால், "ஊருக்குப் போனப்பறம் எல்லாம் பாத்துக்கலாம்" என்பேன். வீட்டுக்காரி 1996-இல் வந்து சேர்ந்தாள். வந்த வாரமே எங்கிருந்தோ ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கிவந்து பெயிண்ட் டப்பாவில் நட்டு நடைபாதையில் வைத்தாள். "நாம எப்ப போவோமோ, இது எதுக்கு?" என்றேன். "போற வரைக்கும் கொழம்புக்கு வேணுமில்ல" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வேலையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் பட்டறையில் இருப்பதால். கப்பலின் தொட்டிக்குள் இறங்குகிற வேலை வந்தால், மேன்ஹோல் வாயில் அன்றைய கேஸ் செக் சீட்டு தொங்குகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. நாற்றம் வராது, மூச்சும் முட்டாது, ஆள் அப்படியே சரிந்துவிடுவார். 1994-இல் நான் இருந்த பட்டறையில் ஒரு மேலாள், "நேத்து செக் பண்ணதுதான், சும்மா எறங்கு" என்றார். நான் இறங்கவில்லை. ஒரு வாரம் துரு சுரண்டுகிற வேலைக்குத் தள்ளினார்கள். அந்த ஒரு வாரத்துக்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. வேலையில் பெருமை வேண்டும், பயமும் வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்திருந்த ஆட்களைத்தான் முப்பது வருஷம் கழித்தும் முழு உடம்போடு பார்க்கிறேன்.

கொல்லை விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் ஊரில் வீடு, மனை வாங்கலாம். ஆனால் விவசாய நிலத்தை விலை கொடுத்து வாங்கச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. பாட்டன், அப்பன் வழியாக வருவதை வைத்துக்கொள்ளலாம். குடியுரிமை மாற்றிக்கொண்டு, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் இதே கதைதான். இது தெரியாமல் மச்சான் பேரிலும் பங்காளி பேரிலும் கொல்லை வாங்கி, பிறகு கோர்ட் படியேறியவர்களை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து குடியேறிய பிறகு உங்கள் பேரிலேயே வாங்குங்கள். அதுவரை பணம், வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கில் இருக்கட்டும். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது.

எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் வந்திருக்கிறேன் என்றீர்கள். அதில் இருப்பவர் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் கிடைக்கும்வரை சிபிஎஃப் என்கிற சேமநிதி கிடையாது. நீங்களாகச் சேர்ப்பதுதான் சேமிப்பு. மனைவியைக் கூட வைத்துக்கொள்ள இன்றைய விதிப்படி மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது, அதாவது சிங்கப்பூர் டாலராவது, வேண்டும். நிரந்தரவாசி ஆன பிறகு பையன் பிறந்து அவனும் அப்படியே அங்கே வளர்ந்தால் ரெண்டு வருஷம் தேசிய சேவை செய்ய வேண்டும். எங்கள் பையன் செய்தான். தலையை மொட்டையடித்துக்கொண்டு முதல் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து நின்றபோது, இந்த ஊரில் நமக்கு வேர் பிடித்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று எடுக்காதீர்கள்.

இனி சாமி. நம் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கும்போது பதினெட்டு நாளும் ஊரே உறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா ஒரு நாள் விடாமல் போவார். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தெருவை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பான். திரௌபதி வேஷக்காரர் அவன் தொடையில் ஏறி நின்று கூந்தலை முடிகிறபோது பக்கத்தில் நிற்கும் கிழவிகள் எல்லாம் தங்கள் கொண்டையையும் அவிழ்த்து முடிவார்கள். நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் முதல் ரெண்டு வருஷம் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. நம் சாமி கிருஷ்ணகிரி தாண்டி வராது என்று மனசுக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது போல.

1992 ஐப்பசியில் கூட வேலை செய்த கடலூர்க்காரர் ஒருவர் தீமிதிக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து கூட்டம் புறப்பட்டு, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகிறது. எல்லார் வாயிலும் "கோவிந்தா, கோவிந்தா". எனக்குச் சட்டென்று கால் நின்றுவிட்டது. தீமிதி யாருக்கு என்று கேட்டேன். "திரௌபதி அம்மனுக்கு. வேற யாருக்கு?" என்றார். அந்தக் கோயிலை 1827-இல் கட்டத் தொடங்கியவர் நாராயண பிள்ளை, பினாங்கிலிருந்து 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு வந்தவர். உள்ளே திரௌபதிக்குத் தனிச் சன்னிதி. நமக்கு முன்னால் வந்தவர்கள் நான் நினைத்ததைப் போல எதையும் ஊரில் விட்டுவிட்டு வரவில்லை, கையோடு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அன்று குண்டத்தின் ஓரம், தீ இறங்கியவர்கள் கால் நனைக்கும் பால் குழிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து தீமிதிக்கு லீவு எடுத்துவிடுவேன். விறகு தூக்குவேன், தண்ணீர் ஊற்றுவேன். ஓவர்டைம் போகிறதே என்று அந்த ஒரு நாள் மட்டும் கணக்குப் பார்த்ததில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதத்துக்கு ஒன்றையாவது எடுத்து வையுங்கள். கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, உங்களுக்கு எது சாமியோ அதற்கு.

பயணம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலையை விட்ட பிறகு ஜாவாவில் பிரம்பனான் போனோம். ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவன் கோயில். வடக்குப் பக்கச் சன்னிதியில் எருமை மேல் நிற்கிறாள் துர்க்கை. விளக்கு இல்லை, பூசை இல்லை. வீட்டுக்காரி தன் தலையில் இருந்த பூவை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு வந்தாள். போன வருஷம் அரூர் பக்கம் தீர்த்தமலை ஏறினோம். முட்டி வலிக்கு நடுவில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலையைக் கொடுத்தபோது, இதை நாற்பது வயதில் அப்பாவோடு செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

எங்கள் பக்கத்துக் கிணற்றிலும் போரிலும் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் காவி ஏறி, வயதாக ஆக முட்டியும் முதுகும் மடங்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்க அப்பாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் தலைமுறை முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கும். நான் போனில் கப்பலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். "நம்ம தேரு ஒசரம் இருக்குமா?" என்று ஒருமுறை கேட்டார். "பத்துத் தேர் அடுக்கினாலும் பத்தாதுப்பா" என்றேன். "ஒருவாட்டி வந்து பாக்கணும்டா" என்றார். நான் சரி என்றேன். நிரந்தரவாசம் கிடைக்கட்டும் என்றேன். 1997-இல் கிடைத்தது. வீடு வாங்கிவிடுகிறேன் என்றேன். 1999-இல் வாங்கினேன். பையன் கொஞ்சம் வளரட்டும் என்றேன்.

2003 மார்கழியில் இறந்துபோனார். சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து, கிருஷ்ணகிரியில் மாறி வீடு வந்து சேர்ந்தபோது பால் தெளித்துவிட்டார்கள். காரியம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். நிலப் பத்திரம், ரேஷன் கார்டு, நான் அனுப்பிய கடிதங்கள் சணல் கயிறு போட்டுக் கட்டியபடி. அடியில் ஒரு பாஸ்போர்ட். 1998-இல் எடுத்தது. எனக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கும் தெரியாது. போட்டோவில் உதட்டை இறுக்கி மூடியிருந்தார். உள்ளே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். முத்திரை ஒன்றுகூட இல்லை.

அம்மாவை மட்டும் 2008-இல் கூட்டிப்போனேன். மூன்று வாரம் இருந்தார். தேக்கா சந்தையில் புளிப் பொட்டலத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பழசு. கருத்துப்போச்சு. புதுப் புளின்னா செவப்பா இருக்கணும்" என்று கடைக்காரரிடமே சொன்னார். காலமெல்லாம் புளியங்கொட்டை எடுத்த கை அது. கடைக்காரர் உள்ளே போய் வேறு பொட்டலம் எடுத்துவந்து கொடுத்தார். ஒருநாள் கடற்கரையில் நிறுத்தி, தூரத்தில் வரிசையாக நிற்கும் கப்பல்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ங்கொப்பன் பாத்திருந்தா எறங்கியே வந்திருக்காது" என்று மட்டும் சொன்னார்.

முன்னாடியே திரும்பி வந்திருக்கலாமா என்று கேட்டீர்களே. இல்லை தம்பி, அப்படித் தோன்றவில்லை. அந்த ஊர் எனக்குச் சோறு போட்டது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது, என் கைவேலைக்கு மரியாதை கொடுத்தது. இன்று காலையில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுவிட்டு இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ரெண்டு மாதத்தில் அங்கே போய் நடைபாதையில் இருக்கும் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுவேன். இரண்டு இடத்திலும் மனசு அமைதியாகத்தான் இருக்கிறது. எனக்கு வலிப்பது அந்த முதல் பத்து வருஷம்தான். இருந்த இடத்தில் இல்லாமலும், இல்லாத இடத்துக்குப் போகாமலும் கழித்தேன். ஊருக்குத் திரும்புவதோ அங்கேயே தங்குவதோ உங்கள் விருப்பம், இரண்டிலும் நன்றாக வாழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதுவரை எதிலும் மனசு வைக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்கிறேன்.

உங்கள் அப்பா தக்காளி விவசாயம் செய்கிறார், இதுவரை சென்னைகூடப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடன் தீர்ந்த அடுத்த மாதமே அவருக்குப் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். விசாவுக்கு அங்கே குடியுரிமை உள்ளவரோ நிரந்தரவாசியோ ஒருவர் அறிமுகக் கடிதம் கொடுக்கலாம். வேறு யாரையும் தேட வேண்டாம், நான் கையெழுத்துப் போடுகிறேன். தங்குவதற்கு எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மாதான் இருக்கிறது. ஐப்பசியில் வந்தால் தீமிதியும் பார்த்துவிடலாம்.