தெருமுனை அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, கணவர் பவர் டேபிள் டெய்லர். மகள் யுகேஜி வரை தனியார் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டாள், ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அடுத்த வருடக் கட்டணத்தையும் வேன் காசையும் நினைத்தால் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். நடக்கிற தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று இருக்கிறது. "அங்கே சேர்த்தால் அவள் எதிர்காலம் வீணாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பிளஸ் டூ பிள்ளைகள். எந்த கோர்ஸ் எடுக்கலாம் என்று கேட்க வருவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்வது சிரமம் என்று தெரிந்துவிடும். கொஞ்சம் பின்னால் போய் விசாரித்தால், சிக்கல் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களிலும் இப்படி உண்டு, பெரிய கட்டணம் கட்டியவர்களிலும் உண்டு. என் மூத்த மகனுக்கே இது நடந்தது. பேர் பெற்ற தனியார் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். நோட்டுகள் அத்தனை அழகாக இருக்கும். நான்காம் வகுப்பில் ஒருநாள் பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொன்னேன், எழுத்துக் கூட்டத் திணறினான். நோட்டில் இருந்ததெல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதியவை. அன்றிலிருந்து எந்தத் தொடக்கப் பள்ளியைப் பற்றி யார் கேட்டாலும், அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

எதிர்காலம் பற்றிய பயத்தை முதலில் பேசிவிடுவோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் அரசுப் பள்ளியில் படித்ததாகக் கணக்கில் எடுப்பது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. அதாவது இந்தச் சலுகைகளுக்காக ஒன்றாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளியில் சேர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்போது சேர்க்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010-இல் வந்த சட்டம் அது. 2020-இல் திருத்திய பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய தகுதிப் படிப்பு வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பல அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இப்போது ஆங்கிலவழிப் பிரிவும் இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் எந்த வழி என்று கேட்கும்போது யோசிக்காமல் "இங்கிலீஷ் மீடியம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர் குறைவாக உள்ள பள்ளிகளில் இரண்டு பிரிவும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் உட்கார்ந்திருக்கும். புத்தகம்தான் வேறாக இருக்கும். அப்படியென்றால் என் யோசனை தமிழ்வழி. வீட்டில் பேசுகிற மொழியில் வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்தைப் பிறகு ஏற்றுவது எளிது. அது மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய வேலைதான், ஆனால் முடிகிற வேலை.

சரி, இப்போது பள்ளிக்குப் போவோம். கம்பெனியில் ஒரு நாள் லீவு போடுங்கள். சேர்க்கை விஷயமாக வந்திருக்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கட்டடம் பழையதா, சுவரில் படம் வரைந்திருக்கிறார்களா, ஸ்மார்ட் போர்டு மாட்டியிருக்கிறார்களா என்பதில் மனதைப் பறிகொடுக்க வேண்டாம்.

முதலில் எண்ணிக்கையைக் கேளுங்கள். 110 பிள்ளைகள், தலைமையாசிரியரோடு நான்கு ஆசிரியர்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டக் கணக்கு அதுதான்: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு. சட்டப்படி சரியாக இருந்தாலும், ஐந்து வகுப்புக்கு நான்கு பேர் என்பதை மறக்கக் கூடாது. அதில் ஒருவருக்குத் தலைமையாசிரியர் வேலையும் சேர்ந்து இருக்கிறது. எனவே எந்த இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைக்கிறார்கள், ஒன்றாம் வகுப்பு யார் கையில் இருக்கிறது, அவர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார், இந்த வருடம் ஓய்வு பெறுகிறவரோ மாறுதல் கேட்டிருப்பவரோ உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல தலைமையாசிரியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். ஒன்றாம் வகுப்புக்கு ஒரு நிலையான ஆசிரியர் இல்லை என்றால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் நான் தயங்குவேன்.

அப்புறம் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். ஐந்தாம் வகுப்பில் நிறையப் பேர் இருந்து ஒன்றாம் வகுப்பில் நாலைந்து பேர்தான் என்றால், ஊர் ஏன் அந்தப் பள்ளியை விட்டு விலகுகிறது என்று விசாரிக்க வேண்டும். பல நேரம் காரணம் பள்ளியிடம் இருக்காது, புதிதாக வேன் விட்ட தனியார் பள்ளியாக இருக்கும். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஆறாம் வகுப்புக்கு எங்கே போனார்கள் என்பதும் தெரிய வேண்டும். மகளுக்கும் அதே பாதைதான்.

அடுத்துதான் முக்கியமான வேலை. ஒன்று முதல் ஐந்து வரை, அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிப்படுத்துகிற 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாடம் நடக்கிறது. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்தது. அதில் பிள்ளைகளை அவர்கள் கற்றிருப்பதைப் பொறுத்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறார்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியரிடம், "உங்கள் வகுப்பில் அரும்பு நிலையில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிவேட்டைப் புரட்டாமல், "இவன் இன்னும் கொம்பெழுத்தில் தடுமாறுகிறான், அவள் போன மாதம் மொட்டுக்கு வந்துவிட்டாள்" என்று சொல்கிற ஆசிரியர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பிள்ளையை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு ஆசிரியரின் அனுமதியோடு இரண்டு மூன்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம், அதைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே ஒப்பிப்பார்கள். வீட்டிலிருந்து ஒரு சிறுவர் கதைப் புத்தகம் எடுத்துப் போங்கள். முன்வரிசையில் இருந்து கை தூக்குகிறவரை மட்டும் கேட்காமல், பின்வரிசையில் ஒருவரையும் கேளுங்கள். நாலு வரி வாசித்ததும் புத்தகத்தை மூடி, என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு தாளில் 52-இல் 27 போக எவ்வளவு என்று கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு கொடுங்கள். மூன்றாம் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இவற்றைச் செய்தால் அது நல்ல பள்ளி. பிள்ளையை மிரட்டுவதுபோல் நின்று கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

மதியச் சாப்பாடு முடிந்த பிறகு கழிப்பறையைப் பாருங்கள். காலையில் கழுவி வைத்திருப்பார்கள், மதியம்தான் உண்மை தெரியும். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, யார் சுத்தம் செய்கிறார்கள்? கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இருக்கிறது. காலையிலேயே கம்பெனிக்குக் கிளம்புகிற உங்களுக்கு இது பெரிய உதவி. சீருடை, புத்தகம், காலணி எல்லாம் இலவசம் என்பது உங்களுக்கே தெரியும்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் யார் என்று விசாரித்து அவரிடம் பேசுங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, என்ன தீர்மானம் போட்டீர்கள் என்று கேளுங்கள். "கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள்" என்று பதில் வந்தால், அந்தக் குழுவில் நீங்கள் சேர வேண்டியிருக்கும்.

உங்கள் மாமியார், "கண்ட பிள்ளைகளோடு உட்கார வைக்கிறதா?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை மகள் காதில் விழ விடாதீர்கள். அங்கே படிப்பது உங்களைப் போல உழைக்கிறவர்களின் பிள்ளைகள். வட மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் உங்கள் ஊர்ப் பள்ளிகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழே தெரியாமல் வந்த அவர்களுக்கு ஆசிரியர் எப்படித் தமிழ் சொல்லித் தருகிறார் என்று பாருங்கள். அதைப் பொறுமையாகச் செய்கிறவர் உங்கள் மகளுக்கும் பொறுமையாகச் சொல்லித் தருவார்.

இத்தனையும் பார்த்த பிறகு பள்ளி சரியில்லை என்று தோன்றினால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். குற்ற உணர்ச்சி தேவையில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு ஒன்றியப் பள்ளியோ, எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளியோ இருந்தால் அங்கேயும் இதே மாதிரி பாருங்கள். யாரோ சொன்னார்கள் என்று வேண்டாம் என்று விடுவதும் தப்பு, கட்டணம் மிச்சம் என்பதற்காக மட்டும் சேர்ப்பதும் தப்பு.

சேர்ப்பதென்று முடிவானால், மிச்சமாகும் கட்டணத்தை வீட்டுச் செலவில் கரைய விடாதீர்கள். அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். பத்து வயதுக்குள் உள்ள பெண் குழந்தைக்குத் தொடங்கலாம், ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும். வேன் காசில் ஒரு பங்கை மாதம் ஒரு கதைப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள். இரவில் கால் மணி நேரம், நீங்களோ கணவரோ பக்கத்தில் உட்கார, அவள் சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் பத்தாவது வரைதான் படித்தேன் என்று தயங்கியிருந்தீர்கள். இதற்கு அது தாராளம்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல் இரண்டையும் எடுத்து வையுங்கள். காலாண்டு விடுமுறையில் அவளுக்கு எத்தனை எழுத்து தெரிகிறது, எந்தச் சொல்லைக் கூட்டி வாசிக்கிறாள் என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.